முதலில் பாடியவரையும் பட்டியலில் சேருங்கள்

இசைச் செயலிகளில் ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாடல்களைத் தொகுத்துத் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் ப்ளேலிஸ்ட்டுகளை விடாமல் கேட்கிறவன் நான். ஒரே ஒரு கோரிக்கைதான். பின்னால் வந்த கவர் வெர்ஷனைப் போடும்போது, அதே பாட்டை முதலில் பதிவு செய்தவரின் ட்ராக்கையும் பக்கத்திலேயே போடுங்கள். பாடியவர் யார், எந்த ஆண்டு என்று ஒரு வரியும் எழுதுங்கள்.

'ஹவுண்ட் டாக்' என்றாலே எல்விஸ் பிரெஸ்லிதான் வந்து நிற்கிறார். அவர் அதைப் பதிவு செய்தது 1956இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1952 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸில் அதைப் பாடிவிட்டார் வில்லி மே தார்ன்டன். 'பிக் மாமா' என்றால்தான் பலருக்குத் தெரியும். ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவர் அவருக்காகவே எழுதிய பாட்டு அது. ஒட்டிக்கொண்டு பிழைக்கும் ஆண் ஒருவனை 'வேட்டை நாய்' (ஹவுண்ட் டாக்) என்று திட்டி வீட்டை விட்டு விரட்டுகிறாள் ஒரு பெண். நிதானமான தாளம், குரலோடு வாயாடும் பீட் லூயிஸின் கிதார், கடைசியில் இசைக்குழுவே நாய்களாகி ஊளையிடுவது! 1953இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பினத்தவர் இசை) பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். தன் கைக்கு வந்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று பின்னாளில் தார்ன்டன் சொன்னார்.

எல்விஸ் எடுத்துக்கொண்டது, லாஸ் வேகஸில் ஃப்ரெடி பெல் குழுவினர் வரிகளை மாற்றிப் பாடிவந்த வடிவத்தை. அதில் முயல் பிடிக்காத நாய் வந்துவிட்டது, அந்தப் பெண்ணைக் காணோம். எல்விஸின் பதிவை நான் குறை சொல்லவில்லை. ஸ்காட்டி மூரின் கிதாரும் டி.ஜே. ஃபொன்டானாவின் ட்ரம்ஸும் சேர்ந்து அதை வேறொரு பாட்டாகவே ஆக்கிவிட்டன. அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வகைக் கவர் மீது. கறுப்பினப் பாடகி லாவெர்ன் பேக்கரின் 'ட்வீடில் டீ' வெளியான கையோடு, 1955இல் வெள்ளையினப் பாடகி ஜார்ஜியா கிப்ஸ் அதே இசைக்கோர்வையை அச்சு அசலாக எடுத்துப் பாடினார். பாப் பட்டியலில் பேக்கர் எட்டியது 14ஆம் இடம், கிப்ஸ் எட்டியது 2. கறுப்பினப் பாடகர்களைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்பவே இல்லை. கிப்ஸின் பின்னால் மெர்குரி இசைத்தட்டு நிறுவனத்தின் விநியோக பலமும் இருந்தது. சட்டமும் துணைக்கு வரவில்லை. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், பிரதிக்கு இரண்டு சென்ட் கட்டி யாரும் அதை மறுபடி பதிவு செய்யலாம். அந்தக் காசும் பாட்டின் உரிமைக்காரருக்குத்தான். முதலில் பாடி அதற்கு ஓர் உருவம் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. பேக்கர் சும்மா இருக்கவில்லை, சட்டத்தைத் திருத்தச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். பலன் இல்லை.

கறுப்பினப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாப் பட்டியலில் பத்தாவது இடத்தோடு நிற்க, அதையே பாடிய வெள்ளையினப் பாடகர் பேட் பூன் முதலிடத்துக்குப் போனார். இன்னொரு கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'க்கும் அதே கதி. அப்புறம் ரிச்சர்டும் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லும் ஒரு வேலை செய்தார்கள். பேட் பூனின் வாய்க்குள் நுழையாத வேகத்தில் 'லாங் டால் சாலி'யை ஓட்டினார்கள். பூன் அதையும் பாடத்தான் செய்தார், ஆனால் இந்த முறை மேலே இருந்தது ரிச்சர்டின் பதிவு. இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள், விளக்கமே தேவைப்படாது.

ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரூடப்பையும் விட்டுவிடாதீர்கள். எல்விஸின் முதல் சிங்கிளான 'தட்ஸ் ஆல் ரைட்' அவர் எழுதி 1946இல் பதிவு செய்த பாட்டு. சேர வேண்டிய ராயல்டியில் பெரும்பகுதி கைக்கு வராமலே 1974இல் இறந்துபோனார்.

செயலிகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. லிட்டில் ரிச்சர்ட் 1964இல் வீ-ஜே நிறுவனத்துக்காகத் தன் பழைய பாட்டுகளை மறுபடி பாடினார். அவையும் முதல் பதிவுகளும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன. போதாததற்கு, தொகுப்பு ஆல்பம் வெளியான ஆண்டுதான் பாட்டின் ஆண்டு என்று திரையில் தெரிகிறது. 1955இல் பதிவான பாட்டைப் புதிதாகக் கேட்கும் பிள்ளை இந்த நூற்றாண்டுப் பாட்டு என்று நினைத்தால் அவள் என்ன செய்வாள்? பதிவான ஆண்டைப் போடுங்கள், மறுபதிவு என்றால் மறுபதிவு என்று எழுதுங்கள். 'ஹவுண்ட் டாக்'கிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நேயர்களில் ஒருவன்