நிறத்தை நம்பாதே

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதமும் குற்றாலத்தில் எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. பேத்திக்குப் பெயர் சூட்டியாயிற்று என்று படித்து மகிழ்ந்தோம். இங்கே மழை விட்டுவிட்டது, மூட்டுவலிதான் விடவில்லை.

விளக்கடியில் விழுந்த மேஃப்ளை என்னும் நீரோடைப் பூச்சிகளைப் பழுப்பு, மஞ்சள் என்று பிரித்திருக்கிறாய். நிறத்தை நம்பாதே செல்வம், ஒரே இனத்துக்குள்ளேயே அது மாறும். முதலில் ஆணைத் தேடு. முன்னங்கால்கள் மிக நீண்டிருக்கும். பறந்துகொண்டே பெண்ணைப் பற்றிப் பிடிப்பதற்கானவை. வயிற்று நுனியில், அடிப்பக்கமாக, ஒரு ஜோடி இடுக்கி தெரியும்.

மூன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அழகான கண்கள்! ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, மேல்பாதி தலைப்பாகை கட்டியதுபோல் எழும்பி நிற்கிறது. தலைக்கு மேலே பறக்கும் பெண்ணை வானத்தின் வெளிச்சத்தில் கண்டுகொள்ள ஆணுக்கு வாய்த்த கண் அது. வால் இரண்டு, பின்னிறகு இல்லை. பேட்டிடே குடும்பம்தான், சந்தேகமே வேண்டாம். எந்தப் பேரினம் என்று சொல்ல, முன்னிறகின் விளிம்பிலுள்ள குட்டை நரம்புகள் ஒற்றையா இரட்டையா என்று தெரிய வேண்டும். படத்தில் அது பதியவில்லை.

மூன்று வாலும் பின்னிறகும் உள்ள இன்னொரு பூச்சி லெப்டோஃப்ளெபிடே குடும்பமாக இருக்கலாம். குற்றாலத்தின் பெயரையே தாங்கி 1984இல் விவரிக்கப்பட்ட பெட்டர்சுலா கோர்டாலென்சிஸ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் எனக்கு ஆவல் தாங்கவில்லை. ஆனால் இனத்தை உறுதிசெய்ய இடுக்கியின் கணுக்களையும் அவற்றுக்கு நடுவிலுள்ள ஆணுறுப்பின் வடிவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது ஆண்களில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துவை, அதற்கு மேல் வேண்டாம். இறகு மங்கலாக இருந்தால் அவசரப்படாதே. இறகு முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகிலேயே இது ஒன்றுதான். காற்றுப் புகும் பெட்டியில் ஓர் இரவு விட்டுவைத்தால் பெரும்பாலும் விடிவதற்குள் தெளிந்த இறகோடு இருக்கும். கண்ணின் நிறத்தை உயிரோடிருக்கும்போதே குறித்துக்கொள். ஆல்கஹாலில் போட்டால் வெளுத்துவிடும். காலும் வாலும் எளிதில் ஒடியும், அதனால் ஒரு குப்பிக்கு ஒன்றே போடு. இடம், தேதி எழுதிய சீட்டும் உள்ளேயே இருக்கட்டும்.

தைப்பொங்கலுக்கு நீ மதுரை வரும்போது குப்பிகளையும் கொண்டுவா. நுண்ணோக்கிக்குப் புது விளக்கு மாற்றிவிட்டேன். தங்கையையும் அழைத்து வா. அவர் கைப்பக்குவத்தில் செய்த நார்த்தங்காய் ஊறுகாயை வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
ராமநாதன்