நயினாதீவுப் பயணம்: பழைய மாணவர் குழு அறிவிப்பு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பேசிப் பேசியே தள்ளிப்போன நயினாதீவுப் பயணம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6.00 மணிக்கு யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தடியில் தொடங்கும். பண்ணைப் பாலத்தில் வான் வண்டியைச் சற்று நிறுத்தி, களங்கண்டித் (ஆழமற்ற கடலில் தடி நட்டு வலைகட்டி மீன்பிடிக்கும் அமைப்பு) தடிகளில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்களைப் பார்த்துவிட்டு, குறிகட்டுவானில் படகேறி, நாகபூசணி அம்மனைத் தரிசித்து, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு மாலையில் திரும்புவோம்.

1. வருவோர் தொகையை வியாழன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள். வான் பிடிப்பதற்கு அது அவசியம்.
2. ஆண்கள் வேட்டியுடன் வரவும்.
3. காலைக்கு இடியப்பமும் சம்பலும் பொதியாகக் கொண்டுவரவும். (சொதிப் போத்தலின் மூடியை இம்முறையாவது இறுக்கிப் பூட்டுங்கள், சென்றமுறை நனைந்தது என் வேட்டி.)
4. படகில் பாதுகாப்பு அங்கியை அனைவரும் அணிய வேண்டும்.

வர இயலாதோரும் ஒரு வரி பதில் தரவும்.

ஒழுங்கமைப்பாளர்