ஸ்டென் கன்ன மேகசின்ல புடிக்கக் கூடாதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரெண்டாம் உலகப்போர் துப்பாக்கிங்களப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படத்துல ஒரு சிப்பாய் ஸ்டென் கன்னோட (சரமாரியா சுடுற சின்ன இயந்திரத் துப்பாக்கி) மேகசின, அதாவது குண்டு அடைக்கிற பெட்டிய, இடது கையால இறுக்கிப் புடிச்சிக்கிட்டு சுடுறாரு பாருங்க, அதப் பாத்ததும் எனக்கு எங்க ஏட்டையா ஞாபகம் வந்துருச்சு. அவரு இருந்திருந்தா அந்தப் படத்துக்கே மைதானத்த ரெண்டு ரவுண்டு ஓடுற தண்டனை குடுத்திருப்பாரு.

1970கள்ல ஆயுதப்படையில ரெக்ரூட்டா இருந்தப்ப எங்களுக்கு ஸ்டென் குடுத்தாங்க. ஒரு குழாய், உள்ள ஸ்பிரிங்கு, குண்டத் தள்ளி வெடிக்க வெக்கிற கனமான இரும்புத் துண்டு ஒண்ணு (போல்ட்), பின்னாடி தோள்ல வெக்கிறதுக்குக் கம்பியில ஒரு பட், அவ்ளோதான், மொத்தமே சுமார் 3 கிலோ. பிளம்பர் மிச்சம் மீதிய வெச்சு வெல்டு அடிச்ச மாதிரி இருக்கும். 1940ல பிரான்ஸ் கடற்கரை டன்கிர்க்ல ஆயுதத்த எல்லாம் விட்டுட்டு ஓடி வந்த பிரிட்டிஷ்காரனுக்கு அவசரம், அமெரிக்காவோட தாம்சன் துப்பாக்கியும் விலை ஜாஸ்தி, அதனால 1941ல ஷெப்பர்டு, டர்பின்னு ரெண்டு பேரு இத டிசைன் பண்ணாங்க. அவங்க பேரோட இங்கிலீஷ் முதல் எழுத்தும் (S, T) என்பீல்டு துப்பாக்கி ஃபேக்டரியோட முதல் ரெண்டு எழுத்தும் (EN) சேந்துதான் ஸ்டென். இதுல மார்க் 3 மாடல லைன்ஸ் பிரதர்ஸ்னு ஒரு பொம்மை கம்பெனியே செஞ்சு குடுத்துச்சு, நம்புவீங்களா!

மேகசின் இடது பக்கம் படுத்தாப்ல மாட்டும். அதயே கைப்பிடியாக்கி இழுத்தா மாட்டுற எடம் ஆடிப்போயி குண்டு கோணலா ஏறி ஜாம் ஆயிரும். 32 குண்டு புடிக்கும்னாலும் எங்களுக்கு 28தான் போடச் சொன்னாங்க, ரொப்பி அடைச்சா அதுவும் சிக்கும். அப்பறம் வலது பக்கம் சுட்ட குண்டோட காலிக் கூடு (கேஸ்) தெறிச்சு விழுற ஓட்டை, விரல் அங்க போச்சுன்னா போல்ட்டு நசுக்கிரும். பேரலச் சுத்தி இருக்குற ஸ்லீவுல புடிச்சா கை பத்திரம்.

கட்டுரையில "யாரும் சுலபமா சுடலாம்"னு வேற எழுதியிருக்கீங்க. டிரிக்கர அமுக்குனதும் உடனே வெடிக்காதுங்க, பின்னாடி நிக்கிற போல்ட்டு மொதல்ல டக்குனு முன்னாடி ஓடி இடிக்கும், அதுலயே மூக்கு கீழ சாயும், அதுக்கப்பறம்தான் வெடி. ஆட்டோமேட்டிக்ல வெச்சு விடாம அமுக்குனா 28ம் மூணரை செகண்டுல காலி. நான் மொத தடவ அப்படித்தான் பண்ணேன், டார்கெட்ல விழுந்தது நாலு, மிச்சம் மண்மேட்டுக்கு.

குண்டு மாட்டுன மேகசினோட பட் தரையில பட்டு விழுந்தா இன்னும் மோசம், போல்ட்டு குதிச்சுப் பின்னாடி போயி திரும்பி வரும்போது தானா ஒரு குண்டத் தள்ளி வெடிச்சிரும். பாரா காவல் டூட்டில எவன் கையிலயாச்சும் ஸ்டென் வழுக்குனா நாங்க எல்லாம் யோசிக்காம தரையில படுத்துருவோம்.

எல்லாம் முடிஞ்சு காலி கேஸ எண்ணி ஒப்படைக்கணும். அன்னிக்கு எனக்கு 27தான் இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் மணல சலிச்சோம், கடைசில பாத்தா நான் படுத்திருந்த தார்ப்பாய் மடிப்புல கெடக்கு.

அடுத்த வாரம் திருத்தம் போட்டா அந்த சிப்பாய் கைய மட்டும் கொஞ்சம் எடம் மாத்தி வரையச் சொல்லுங்க.

ஓய்வு பெற்ற ஆயுதப்படை காவலர்,
திருச்சி