ஆண்டறிக்கை 2025: இம்முறை தண்ணீரைப் பற்றி

அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள், சந்தா, லிப்ட் திருத்தம் எல்லாம் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் தண்ணீரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த வருஷம் இரண்டு தடவை எங்கள் தொடர்மாடி தண்ணீரால்தான் திண்டாடியது.

முதலாவது பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்றைக்கு. வீதியிலிருந்து எங்கள் சம்புக்கு, அதாவது நிலத்தடித் தாங்கிக்கு, தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மோட்டர் ஓடாமல் மேல்தாங்கிக்கு எப்படி ஏற்றுவது? ஞாயிறு என்றபடியால் உடுப்புத் தோய்ப்பு, சமையல் என்று எல்லா வீட்டிலும் குழாய் திறந்தபடி, பின்னேரத்துக்குள் தாங்கி வற்றிவிட்டது. 20 லீட்டர் வாளி என்றால் 20 கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறிய பிள்ளைகளுக்குச் சங்கத்தின் நன்றி.

இரண்டாவதுதான் பெரியது. நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி ஆறு பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கின. வெள்ளவத்தையில் எங்களுக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை, தப்பிவிட்டோம் என்றே நினைத்தோம். ஆனால் கார் நிறுத்துமிடத்தில் மழைத்தண்ணீர் கணுக்கால் வரை நின்றது, சம்பின் மூடி இருப்பதும் அங்கேதான். இரண்டு நாள் கழித்து மூன்றாம் மாடி அன்ரி கூப்பிட்டு, "தம்பி, தேத்தண்ணியில மண் மணக்குது, ஒருக்கா பாருங்கோ" என்றார். மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். விளிம்பில் விரல் நுழையும் அளவு வெடிப்பு, அதிலிருந்து சுவரில் வழிந்த சேற்றுக் கோடு, தண்ணீருக்கு மேல் எண்ணெய்ப் படலம். முன்பு தாங்கி கழுவ வந்து, சம்பையும் சேர்த்துக் கழுவியதாகச் சொல்லிக் காசு வாங்கிப் போனவர்கள் அந்த மூடியைத் திறந்திருக்கவே இல்லை, நானும் கூட நின்று பார்க்கவில்லை. அது என் பிழை.

உடனே மோட்டரை நிறுத்தி, எல்லாக் கதவையும் தட்டிச் சொன்னோம். கொதிக்கவைத்தால் போதாதா என்று பலர் கேட்டீர்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஒரு நிமிஷம் பொங்கினால் கிருமி சாகும், அது சரி. ஆனால் எண்ணெயும் பெற்றோலும் கொதிக்கவைத்தாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. அதனால்தான் முழுவதையும் வெளியேற்றச் சொன்னேன். பிறகு சம்பையும் மேல்தாங்கியையும் தேய்த்துக் கழுவி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சொன்னபடி ரீ.சீ.எல். என்ற குளோரின் பவுடர் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விட்டு, அந்தத் தண்ணீரையும் திறந்துவிட்டு, அப்புறம்தான் புதுத் தண்ணீர் நிரப்பினோம். மூன்று நாள் பவுசர் தண்ணீர்தான்.

கொழும்பின் பெரும்பகுதிக்கு அம்பத்தலையில் களனி ஆற்று நீரைச் சுத்திகரித்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கிருந்து நல்ல தண்ணீர் வந்தாலும் எங்கள் வளவுக்குள் வந்தபின் அதைக் காப்பது எங்கள் வேலை.

வீடுகளில் நீங்கள் செய்யவேண்டியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீட்டர், குறைந்தது மூன்று நாளைக்கு, நாலு பேர் உள்ள வீட்டுக்கு 48 லீட்டர். வாய் ஒடுங்கிய, மூடியுள்ள போத்தலில் வையுங்கள், கோப்பையை விட்டு மொள்ள வேண்டாம். வாளியில் திறந்து வைத்தால் ஒரு கிழமைக்குள் டெங்கு நுளம்பு வந்துவிடும். காஸ் முடிந்து கொதிக்கவைக்க வழியில்லை என்றால், வாசனை சேராத 5-6 சதவீத பிளீச் லீட்டருக்கு இரண்டு துளி விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடியுங்கள். கீழே தண்ணீர் நிற்கும்போது மோட்டர் அறைக்குள் யாரும் இறங்கவேண்டாம், முதலில் மெயின் சுவிட்ச். நீர் வழங்கல் சபைக்கு 1939, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இரண்டையும் பிரிஜ்ஜில் ஒட்டிவையுங்கள்.

தனியாக இருக்கும் முதியவர்களின் போத்தல்களை யார் தூக்கிக் கொடுப்பது என்று மாடிக்கு ஒருவர் பெயர் வேண்டும். இரண்டாம் மாடிக்கு இன்னும் யாரும் வரவில்லை.

சம்பைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் கொங்கிறீட் கட்டி, ரப்பர் வைத்த புது மூடி போடவேண்டும். அதற்கு விசேட சந்தா கேட்கும் பிரேரணையை இன்றைய கூட்டத்தில் வைக்கிறேன். அடுத்த மழைக்கு முன் முடிக்கவேண்டும், தயவுசெய்து ஆதரவு தாருங்கள்.

செயலாளர்