மோட்டார்ஹோம் டீலர்களே, ‘30 ஆம்ப்பா, 50 ஆம்ப்பா’ என்பதோடு நிறுத்தாதீர்கள்

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் (வீடுபோல் தங்கிப் பயணம் போகும் வண்டி) விற்கும் டீலர்களுக்கும், அங்கே உதிரிபாகக் கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கும்,

வணக்கம். இதைத் தமிழில் எழுதினால் உங்களில் எத்தனை பேர் படிப்பீர்கள் என்று எனக்கே தெரியும். பரவாயில்லை. நாளைக்கு உங்கள் கவுன்ட்டருக்கு வரப்போகிற தமிழ்க் குடும்பம் இதைப் படித்துவிட்டு வந்து நாலு கேள்வி கேட்டால் போதும்.

வண்டி வாங்கிய அன்று நான் கேட்டது ஒரே கேள்வி: “கரன்ட் விஷயத்தில் பாதுகாப்புக்கு ஏதாவது வாங்க வேண்டுமா?” பதிலுக்கு என்னிடம் கேட்டதும் ஒரே கேள்வி: “30 ஆம்ப்பா, 50 ஆம்ப்பா?” வண்டியின் இணைப்பு எவ்வளவு கரன்ட் எடுக்கலாம் என்ற அளவு அது. 30 என்றேன். ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரை எடுத்து மேசையில் வைத்தார்கள், பில் போட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ஒரு முகாமில் தங்கியிருந்தோம். மதியம் மூன்று மணி, சுற்றியிருந்த அத்தனை வண்டியிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஏசி மட்டும் கிளம்ப முடியாமல் முனகியது, நின்றது, மறுபடி முனகியது. வெளியே போய்ப் பார்த்தேன். சர்ஜ் ப்ரொடெக்டரில் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் எல்லாம் சரி என்றுதானே அர்த்தம்? நிம்மதியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வண்டிக்காரர் பாவப்பட்டுத் தன் வோல்ட் மீட்டரைக் கொண்டுவந்து செருகினார். 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 97 என்று காட்டியது. அதற்குள் கம்ப்ரசர் போய்விட்டிருந்தது.

அந்தப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அது செய்வதாகச் சொன்ன வேலை வேறு. பக்கத்தில் மின்னல் விழுந்தாலோ, லைனில் பெரிய சுமை ஒன்று திடீரென்று விலகினாலோ, கண் இமைப்பதற்கு வெகு முன்னாலேயே வோல்டேஜ் ஒரு துள்ளல் துள்ளி அடங்கும். சர்ஜ் என்பது அதுதான். அந்தத் துள்ளலைப் பிடித்துக்கொள்ளத்தான் பெட்டிக்குள் வேரிஸ்டர் என்ற சின்னச் சின்ன வில்லைகள் இருக்கின்றன. அட்டையில் நீங்கள் பெரிதாகக் காட்டும் ஜூல் கணக்கு, அந்த வில்லைகள் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கானது. அதுவும் நிரந்தரக் கணக்கு கிடையாது. அடி வாங்க வாங்க வில்லை தேயும். ஜூல் அதிகம் என்பதற்காக ஒரு பெட்டி லோ வோல்டேஜைக் கவனிக்கும் என்று அர்த்தமில்லை. பச்சை விளக்கு எரிகிற சாதாரண மாடல், கம்பிகள் மாறியிருந்தால் விளக்கில் காட்டும், ஆனால் கரன்ட்டைத் துண்டிக்காது. நான் வாங்கியது அந்த வகை.

வோல்டேஜ் இறங்கினால் மோட்டாருக்குக் கிளம்பத் தெம்பு இருக்காது. கிளம்பாத மோட்டாரோ கரன்ட்டை அள்ளி இழுத்துச் சூடாகும். அங்கே தேவை, வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருந்து எல்லை தாண்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் பெட்டி. ஈ.எம்.எஸ். என்று நீங்கள் சொல்வது அதைத்தான். பரவலாக விற்கும் மாடல்கள் சுமார் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் துண்டித்துவிடும். விலை கூடத்தான். ஏசி மாற்றிய பில்லை வேண்டுமானால் அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

50 ஆம்ப் வண்டிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. உங்கள் கவுன்ட்டரில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நாலு முள் ப்ளக்கில் இரண்டு ஃபேஸ் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், இரண்டுக்கும் நடுவே 240. பெடஸ்டலில், அதாவது முகாமில் வண்டிக்குக் கரன்ட் தரும் கம்பத்தில், நியூட்ரல் கம்பி மட்டும் தளர்ந்து கழன்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1,200 வாட் ஹீட்டர், மறுபக்கம் டிவியும் சில்லறைச் சாமான்களுமாக 120 வாட். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொடராகச் சேர்ந்து (சீரிஸில்) 240 வோல்ட்டில் தொங்கும். கணக்குப் போட்டால் ஹீட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 22 வோல்ட், டிவிக்கு 218. ஹீட்டர் சும்மா இருக்கும், டிவி புகையும். சர்ஜ் மட்டும் பார்க்கும் பெட்டி இதைத் தடுக்காது. துள்ளலுக்காகச் செய்த வில்லைகள், விடாமல் நிற்கும் 218 வோல்ட்டில் தாங்களே வெந்துபோகும்.

30 ஆம்ப்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். இந்த மூன்று முள் ப்ளக்குக்கு வரவேண்டியது 120 வோல்ட்தான். ஆனால் வீட்டில் வண்டி நிறுத்த ஒரு பாயின்ட் போடச் சொன்னால், ‘30 ஆம்ப்’ என்றதும் துணி உலர்த்தும் மெஷினுக்கானது என்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஈ.எம்.எஸ். முதலில் லைனைச் சோதிக்கும், தப்பாக இருந்தால் வண்டிக்குள் விடவே விடாது. எர்த் இல்லாவிட்டாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் அப்படியே. எர்த் விட்டுப்போன இடத்தில் வண்டிக்குள் ஒரு கசிவும் இருந்தால், வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும்.

சில நல்ல மாடல்கள் ப்ளக் போட்டதும் இரண்டு நிமிடத்துக்கு மேல் காக்க வைக்கும். நின்றுபோன ஏசிக்குள் அழுத்தம் சமமாகட்டும் என்று வேண்டுமென்றே வைத்த இடைவெளி அது. இதைச் சொல்லாமல் விற்றால், பெட்டி கெட்டுவிட்டது என்று மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். பழி உங்களுக்குத்தான்.

பெடஸ்டலில் செருகுவதா, வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்துவதா என்று கேட்டால் நான் உள்ளே பொருத்துவதையே சொல்வேன். மழை, திருட்டு, மறதி மூன்றும் கிடையாது. ஒன்றைக் கவனிக்கணும்: ஜெனரேட்டருக்கும் வெளிக் கரன்ட்டுக்கும் நடுவே மாறும் ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்சுக்கு முன்னால் பொருத்தினால், ஜெனரேட்டரில் ஏதாவது கோளாறு வந்தால் பெட்டிக்குத் தெரியாது. எங்கே பொருத்துகிறீர்கள் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். வாடகை வண்டிக்கும் அடிக்கடி வண்டி மாற்றுகிறவர்களுக்கும் செருகும் வகையே சரி. எதுவானாலும் யூ.எல். 1449 (சர்ஜ் தடுக்கும் கருவிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சான்று உள்ளதாக இருக்கட்டும்.

ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மர் என்று ஒன்றையும் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அது நம் ஸ்டெபிலைசருக்குத் தம்பி; வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அதற்காகப் பெடஸ்டலிலிருந்து கூடுதல் கரன்ட் இழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லி விற்றால் நல்லது.

அமெரிக்க மின்விதித் தொகுப்பு 2020 பதிப்பிலேயே வீட்டு இணைப்புகளுக்கு சர்ஜ் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிவிட்டது. வீடு ஆயுசுக்கும் ஒரே லைனில்தான் இருக்கிறது. மோட்டார்ஹோமோ வாரத்துக்கு ஒரு முன்பின் தெரியாத பெடஸ்டலில் மாட்டப்படுகிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. சர்ஜ் மட்டும் பார்க்கும் பெட்டிகளை ஒரு தட்டிலும், துண்டிக்கும் பெட்டிகளை வேறு தட்டிலும் வையுங்கள். முதல் தட்டில் ‘இது லோ வோல்டேஜில் கரன்ட்டைத் துண்டிக்காது’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். வண்டியை ஒப்படைக்கும் அன்று, தண்ணீர்க் குழாய் மாட்டக் கற்றுக்கொடுக்கும் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்: முதலில் பெடஸ்டலின் பிரேக்கரை அணைப்பது, பெட்டியைச் செருகுவது, பிரேக்கரைப் போடுவது, வோல்டேஜ் எண்ணைப் படிப்பது, பிரேக்கரை மறுபடி அணைப்பது, அப்புறம்தான் வண்டியின் கேபிளைச் செருகிப் பிரேக்கரைப் போடுவது.

இப்படிக்கு,
ஒரு ஏசி மாற்றிய வாடிக்கையாளர்