மூன்று பேர் போட்டால் ஹாட்ரிக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு காலை பசியாறிக்கொண்டே உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு குழு 'ஹாட்ரிக் அடித்து வென்றது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். உள்ளே படித்தால் மூன்று கோலையும் மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்த பேரன், "தாத்தா, இது எப்படி ஹாட்ரிக்?" என்றான். நியாயமான கேள்வி.

ஹாட்ரிக் ஒரே ஆள் செய்வது. சொல் வந்ததும் பந்துத் திடலிலிருந்து இல்லை, கிரிக்கெட்டிலிருந்து. 1858இல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீபன்சன் அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். அதற்காகக் காசு வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி, ஆங்கிலத்தில் 'ஹாட்', வாங்கிக் கொடுத்தார்கள். நம் தோட்டங்களில் நன்றாக ஆடியவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த மாதிரிதான்.

கிரிக்கெட்டில் தொடர்ச்சி வேண்டும். ஓவர் மாறலாம், இன்னிங்ஸ்கூட மாறலாம். பந்துவீச்சாளர் தான் போடும் அடுத்த பந்தில் விக்கெட் விழ வேண்டும். ரன் அவுட் சேராது. காற்பந்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை. நடுவில் வேறு யார் கோல் போட்டாலும் பரவாயில்லை, ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று போட்டால் சரி. ஜெர்மன்காரர்கள் மட்டும் ஒரே பாதியில், இடையில் வேறு கோல் விழாமல் போட்டால்தான் அசல் ஹாட்ரிக் என்பார்கள். 2022 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்ஸ் ஆட்டக்காரர் எம்பாப்பே போட்ட மூன்றில் இரண்டு பெனால்டி, அவையும் கணக்குதான். பிறகு வெற்றியை முடிவு செய்ய உதைத்த பெனால்டியில் அவர் போட்டது கணக்கில் வராது.

மூன்றாம் முறை ஜெயித்த வேட்பாளருக்கு 'ஹாட்ரிக் வெற்றி' என்று எழுதுகிறீர்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரே ஆள், வரிசையாக மூன்று.

நானும் இதில் சறுக்கியவன்தான். நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது தோட்டங்களுக்கிடையிலான பந்துப் போட்டியில் மைக் என் கையில் இருந்தது. எங்கள் பையனுக்கு ஹாட்ரிக் என்று உற்சாகமாக அறிவித்துவிட்டேன். எதிர்க்குழு மண்டோர், அதாவது கங்காணி, செம்மண் தெறிக்க ஓடிவந்து, "கிராணி, அதுல ஒன்னு எங்க பையனே உள்ள உதச்சது!" என்றார். திடலே சிரித்தது. சொந்தக் கோலைக் கழித்து, மைக்கில் திருத்திச் சொன்னேன்.

நீங்களும் ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடுங்கள். பேரன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பகாவ், நெகிரி செம்பிலான்