இடைவேளைக்குப் பின் பயம் எங்கே போகிறது? பேய்ப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேய்ப் படங்களை எழுதி, இயக்கி, தயாரிக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் ஐந்து நண்பர்கள். பள்ளி நாள்களிலிருந்தே பேய்ப் படங்களைச் சேர்ந்து பார்த்து வருகிறவர்கள். எந்தப் பேய்ப் படம் வெளியானாலும் முதல் வாரத்திற்குள், பெரும்பாலும் இரண்டாம் ஆட்டத்திற்கு, போய்விடுவோம். படம் விட்டதும் பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் டீக்கடையில் நின்று, பார்த்ததைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசாமல் வீடு திரும்புவதில்லை. ஓராண்டாகவே அந்தப் பேச்சு எந்தப் படத்தில் தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. எங்களுக்குள்ளேயே அதைச் சொல்லிக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை என்று தோன்றியதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அண்மையில் பார்த்த ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு படத்திற்கு மட்டும் உரியதன்று. அன்று என் அக்கா மகளும் எங்களுடன் வந்திருந்தாள். படம் தொடங்கி அரை மணி நேரத்தில், ஆளில்லாத மாடியறையில் யாரோ அம்மியை இழுத்து நகர்த்துவது போன்ற ஓசை கேட்கத் தொடங்கியதும், அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அடியிலிருந்து ஏதோ ஒன்று கணுக்காலைப் பற்றிவிடும் என்று சிறுவயதில் கட்டிலில் படுத்துக்கொண்டு நாம் எல்லோரும் பட்ட பயம்தான் அது. இடைவேளையிலும் அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கி இருபது நிமிடத்தில் ஃபிளாஷ்பேக் வந்தது. பச்சை வயல், ஒரு பாட்டு, ஊருக்கே நல்லவளான ஒரு பெண், அவளை நம்பவைத்துக் கொன்ற நான்கு பேர். பாட்டின் இரண்டாம் சரணத்தில் அவள் கால்களைக் கீழே இறக்கி, இருட்டில் செருப்பைத் துழாவிப் போட்டுக்கொண்டாள். படம் முடியும்வரை அந்தக் கால்கள் மறுபடி மேலே ஏறவில்லை.

முதல் பாதியில் அரும்பாடுபட்டு நீங்கள் கட்டியெழுப்பிய பயத்தை, இரண்டாம் பாதியில் வரும் அந்த ஃபிளாஷ்பேக் அரை மணி நேரத்தில் கலைத்துவிடுகிறது என்பதே எங்கள் முறையீடு. பேய் ஏன் வந்தது என்பது தெரிந்ததும் நாங்கள் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கொன்றவர்கள் கொஞ்சமும் இரக்கத்திற்கு இடமில்லாத கொடியவர்களாக இருப்பதால், அவர்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது அரங்கில் கைதட்டல் எழுகிறது. விசில் பறக்கும் இடத்தில் பயத்திற்கு என்ன வேலை? அதற்குப் பிறகு திடீரென்று எதையாவது பாயவிட்டுத் திடுக்கிடவைக்கும் ‘ஜம்ப் ஸ்கேர்’ எத்தனை வைத்தாலும் உடம்பு ஒரு கணம் அதிர்கிறதே தவிர உள்ளம் நடுங்குவதில்லை.

இந்த வடிவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் சரத்குமார் திருநங்கையாக நடித்த அந்தப் பின்கதைதான் படத்தின் உயிர். திருநங்கையரைப் பெரும்பாலும் கேலிப் பொருளாகவே காட்டிவந்த வெகுசனத் திரையில், அவர்களுடைய வலியை அரங்கம் முழுவதும் அமைதியாக இருந்து பார்க்கச் செய்த காட்சிகள் அவை. அங்கே ஃபிளாஷ்பேக்குக்கு ஒரு தேவை இருந்தது. பிறகு வந்த படங்கள் பலவும் அந்தத் தேவையை விட்டுவிட்டு அச்சை மட்டும் எடுத்துக்கொண்டன என்பதுதான் எங்கள் வருத்தம்.

எங்களில் ஒருவன் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவனுடைய அம்மா பேய்ப் படம் பார்ப்பதே அந்தப் பெண்ணின் கதைக்காகத்தான் என்பான். “அநியாயமாச் செத்தவளுக்கு ஒரு நியாயம் வேண்டாமாப்பா?” என்று அந்த அம்மா கேட்பாராம். இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வாழும்போது எந்தச் சபையிலும் நியாயம் கிடைக்காதவர்களைச் செத்த பிறகாவது பேச வைப்பது நம் மண்ணின் வழக்கம்; தென்மாவட்டங்களில் இசக்கியம்மனுக்குக் கொடை விழா எடுத்து இன்றும் வில்லுப்பாட்டில் பாடப்படுவது அத்தகைய ஒரு பெண்ணின் கதைதான். ஆகவே பின்கதையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறேன்.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையை எண்ணிப் பாருங்கள். நகைக்காகவும் பொருளுக்காகவும் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி, கொன்றவன் அடுத்த பிறவியில் வணிகனாக வரும்போது அவன் மனைவியின் உருவெடுத்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு பின்தொடர்கிறாள். அவன் பழையனூர்ச் சபையில் அடைக்கலம் புகுகிறான். அவள் அழுகிறாள், ‘நீலிக் கண்ணீர்’ என்ற வழக்கே அந்த அழுகையிலிருந்து வந்ததுதான். வேளாளர் எழுபது பேரும் அவளை நம்பி, வணிகனுக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்களித்து, அவனைக் காத்துவந்த கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் இரவு தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காக்கத் தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் அவளுக்கு நேர்ந்த கொடுமை தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அவள் யார், எதற்காக வந்திருக்கிறாள் என்பது கேட்கிற நமக்குத் தெரியும்; சபைக்குத் தெரியாது. அந்தக் கத்தி கைமாறும் இடத்தில் ‘கொடுக்காதே’ என்று கத்த வேண்டும் போல இருக்கும். கத்தினாலும் அங்கே கேட்காது. அவள் மேல் இரக்கமும் அவளைக் கண்டு நடுக்கமும் ஒருசேர நிற்கின்றன. பழிக்குத் தொடர்பே இல்லாத எழுபது உயிர்களும் சேர்ந்து போவதால், கடைசியில் கைதட்ட நமக்கு மனம் வருவதில்லை. இத்தனை நேர்த்தியான திரைக்கதை நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும்போது, ஃபிளாஷ்பேக்கை இடைவேளைக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும் என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நீங்களே இதைச் செய்து காட்டியும் இருக்கிறீர்கள். 2009இல் அறிவழகன் இயக்கிய ‘ஈரம்’ அந்தப் பெண்ணின் மரணத்திலேயே தொடங்குகிறது. காவல்துறை விசாரணையும் பழைய காதலும் மாறி மாறி வருவதால் பின்கதை ஒரே மூட்டையாக இறங்காமல், அந்தப் படத்தின் தண்ணீரைப் போலவே, எங்கெங்கோ கசிந்துகொண்டே இருக்கிறது. அதே ஆண்டில் விக்ரம் கே. குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’ படத்தில் பயம் மின்தூக்கியில் இருந்தது, திரிந்துபோகும் பாலில் இருந்தது, மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று எங்களில் ஒருவன் நான்கு மாடியையும் படியேறியே போனான். 2014இன் கடைசியில் வந்த மிஷ்கினின் ‘பிசாசு’, பழிவாங்கல் என்ற அச்சையே திருப்பிப் போட்டது. பார்க்காதவர்களை எண்ணி அதன் முடிவை இங்கே எழுதவில்லை. மலையாளத்தில் 2022இல் ராகுல் சதாசிவன் எடுத்த ‘பூதகாலம்’ ஒரு வீட்டையும், ஒரு தாயையும், அவள் மகனையும் மட்டும் வைத்துக்கொண்டு நம்மை உறைய வைத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குள் இருக்கும் மனக்கசப்பும் சோர்வும்தான் அங்கே பேய் நுழையும் வாசல்.

தணிக்கைச் சான்று, தொலைக்காட்சி உரிமை, குடும்பத்தோடு வருகிறவர்கள் என்று உங்களுக்கு இருக்கும் நெருக்கடிகளை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ‘ஏ’ சான்று பெற்றால் படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது என்பதால்தான் பயத்தை நகைச்சுவையாலும் பாட்டாலும் தணிக்கிறீர்கள். ஆனால் 2023இல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு யு/ஏ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரே படத்தில் எல்லா வயதினரையும் அமர்த்தியாக வேண்டும் என்ற கட்டாயம் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது. அதுவும் போக, நான் கேட்பதற்கு இரத்தமோ கோரமோ வேண்டியதில்லை. என் அக்கா மகளைக் கால் தூக்க வைத்தது ஓர் ஓசைதான்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் விளக்காமல் ஒரு படம் முடிந்தால், “பேய் எதுக்கு வந்துச்சுன்னே சொல்லலியே, லாஜிக் இல்லையே” என்று முதலில் குரல் எழுப்புகிறவர்கள் ரசிகர்களாகிய நாங்கள்தான். வெளியே வரும்போதே கைப்பேசியில் அப்படி எழுதிப் போட்டு, நல்ல படங்கள் சிலவற்றுக்கு வர வேண்டிய கூட்டத்தை நாங்களே குறைத்திருக்கிறோம். நானும் அப்படி எழுதியவன். மறுமுறை பார்த்தபோது, சொல்லாமல் விட்ட அந்த இடமே பல நாள் தூங்கவிடாமல் செய்ததை உணர்ந்தேன். இப்போது டீக்கடைப் பேச்சில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அடுத்த கதையை எழுதும்போது, அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை முதலிலேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள். அல்லது படம் முழுவதும் சிறுகச் சிறுகக் கசியவிடுங்கள். கொன்றவர்களுக்கும் ஒரு முகம் கொடுங்கள், அவர்கள் சாகும்போது நாங்கள் தடுமாற வேண்டும். மந்திரவாதி வந்து கட்டி முடித்த பிறகும் வீட்டில் ஏதோ ஒரு மூலை கட்டப்படாமல் இருக்கட்டும்.

அக்கா மகள் அடுத்த படத்துக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வழக்கம்போல முதல் வாரத்திலேயே, இரண்டாம் ஆட்டத்திற்கு வருவோம்.

அன்புடன்,
ஒரு பேய்ப் பட ரசிகன்